பரணில் போட்ட முப்பது ஆண்டுத் தமிழ்

1996இல் கணினியில் அச்சுக்கோத்து வெளிவந்த ஒரு நாவலுக்கு இன்று மறுபதிப்பு போட வேண்டுமென்றால் தமிழ்ப் பதிப்பாளர் என்ன செய்கிறார்? பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஒரு பிரதி வாங்குகிறார். அதன் முதுகைக் கீறித் தாள்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார். பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து, படத்திலிருந்து எழுத்தை மீட்டுத் தரும் ஓசிஆர் மென்பொருளிடம் கொடுக்கிறார். அது சில இடங்களில் ‘எ’வை ‘ஏ’ ஆக்கி, சில இடங்களில் புள்ளியை விழுங்கி ஒரு பிரதியைத் தருகிறது. அதை வைத்துக்கொண்டு ஒருவர் வாரக்கணக்கில் மெய்ப்பு பார்க்கிறார். அவ்வளவு பொறுமை இல்லாதவர் ஆளை வைத்து முதல் வரியிலிருந்து புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லிவிடுகிறார். கணினியில் பிறந்த புத்தகம் அது. தாளாகிப் பழுப்பேறி, மறுபடியும் கணினிக்குள் நுழைய அதற்கு இத்தனை பாடு.

ஓலைச்சுவடிக்கு இந்த வேலையைச் செய்தால் அதற்குப் பதிப்புப் பணி என்று பெயர். 1996ஆம் வருஷத்து நாவலுக்குச் செய்தால் அது எங்கள் அலட்சியத்துக்குக் கட்டுகிற அபராதம்.

எங்கள் என்று நான் சொல்வது ஒரு பெரிய கூட்டத்தை. எழுதியவர்கள், பதிப்பித்தவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள், டிடிபி சென்டர் வைத்திருந்தவர்கள், எழுத்துரு செய்து விற்றவர்கள், அதைக் காசு கொடுக்காமல் காப்பி அடித்தவர்கள், கணித்தமிழ் மாநாடுகளில் மேடை ஏறியவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. எண்பதுகளின் கடைசியில் ஈயம் போய்க் கணினி வந்தது முதல் சுமார் 2012, 2015 வரை தமிழில் அச்சான கிட்டத்தட்ட எல்லாமே எங்கள் கையில் கோப்பாக இருந்தவைதான். கதை, கவிதை, இலக்கியச் சண்டை, ஜோதிட நூல், பாடப்புத்தகம், கோயில் தலபுராணம், கட்சி மாநாட்டு மலர், கல்யாணப் பத்திரிகை எதுவும் விலக்கில்லை. அவற்றில் பெரும்பகுதியைத் தொலைத்தோம். மிச்சத்தை, கையில் இருந்தும் படிக்க முடியாத நிலையில் வைத்திருக்கிறோம்.

இது எப்படி நடந்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தில் எதையும் சேமித்து வைக்க முடியாது. கம்பாசிட்டர் ஸ்டிக்கில் எழுத்தைக் கோத்துப் பக்கமாக்குவார். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். ஃபாரம் அச்சேறியதும் அந்த எழுத்துகளைப் பிரித்து, கேஸில் அதனதன் அறையில் திரும்பப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் அடுத்த ஃபாரத்துக்கு எழுத்து இருக்காது. எந்த அச்சகத்திடமும் ஒரு முழுப் புத்தகத்தைக் கோத்தபடியே வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஈயம் கிடையாது. ஆகவே பிரதி என்றால் தாள்தான். எழுத்து வந்து போகிற கூலியாள் மாதிரி. தலைமுறை தலைமுறையாகக் கையில் ஊறிப்போன பழக்கம் இது. கணினி வந்தபோது கேஸையும் ஸ்டிக்கையும் எடைக்குப் போட்டோம், பழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். புத்தகம் அச்சாகி வந்துவிட்டதா, ஹார்டு டிஸ்கில் இடம் வேண்டும், அழி. கோத்ததைப் பிரித்துப் போடுகிற அதே நிம்மதியோடு டெலீட் விசையை அழுத்தினோம்.

இதில் இன்னொரு கொடுமையும் நடந்தது. ‘அதான் டைப் பண்ணியாச்சே’ என்று எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியையும் தூக்கிப் போட்டோம். ஈயக் காலத்திலாவது கறை படிந்த காகிதக் கட்டு ஒன்று அச்சகத்து மூலையில் கொஞ்ச நாள் கிடக்கும்.

கோப்பு யாருக்குச் சொந்தம் என்று நாங்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. டிடிபி செய்தவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார்; பதிப்பாளருக்கு வேண்டியது அச்சுக்குப் போகும் பட்டர் ஷீட்டோ பிலிமோ. அது வந்ததும் இருவருக்கும் கணக்கு முடிந்தது. எழுத்தாளர் இந்தப் பேச்சிலேயே இல்லை. பத்து வருஷம் கழித்து நடக்கும் தொலைபேசி உரையாடல் இத்தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம்.

“அண்ணே, நம்ம அந்தக் கட்டுரைத் தொகுப்பு ஃபைல் இருக்குமா?”

“எது சார், பச்சை அட்டையா? சிஸ்டம் அப்பவே கிராஷ் ஆயிடுச்சே. சிடில போட்டு உங்ககிட்ட குடுத்ததா ஞாபகம்.”

சிடி இவரிடமும் இருக்காது. இருந்தாலும் பூஞ்சை பிடித்திருக்கும். அதற்கு முந்தைய காலத்தவை 1.44 எம்பி ஃபிளாப்பிகளில் இருந்தன. அவற்றைச் செருக இன்று கணினியில் துளையே கிடையாது.

சரி, ஒரு நல்ல மனிதர் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். கோப்பைத் திறந்தால் என்ன தெரியும்? அனேகமாக அது பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்ததாக இருக்கும். 2001இல் வந்த 7.0தான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. 2004இல் அடோபி அதை வளர்ப்பதையே நிறுத்திவிட்டது. அதற்கப்புறமும் பல வருஷம் எங்கள் கடைகளில் பேஜ்மேக்கர்தான் ஓடியது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பை வாங்கித் திறந்தன, புதியவை திறப்பதில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய கணினியைப் பிடித்துத் திறந்தாலும், அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு அதில் இல்லையென்றால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடக்கும்.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்து எழுத்துருக்கள் கணினிக்குத் தமிழ் சொல்லித் தரவில்லை, அதை ஏமாற்றின. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தன. ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுத வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் ‘தமிழ்’ தெரியும். கணினி தன் நினைவில் வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த அரைப்புள்ளிதான் மிச்சம். பாமினிக்காவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை ஊரறிந்தது. தட்டச்சுப் பொறியின் வரிசையை ஒட்டியது. மற்றபடி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. சில பெரிய பத்திரிகைகள் தங்களுக்கென்றே எழுத்துரு செய்துகொண்டன. ஒன்றில் ‘அ’ இருந்த இடத்தில் இன்னொன்றில் ‘ணு’ இருக்கும். ஒரே மொழியை நூறு ரகசியச் சங்கேதங்களில் எழுதி வைத்தோம், சாவியை எங்கும் குறித்து வைக்கவில்லை.

எழுத்துரு விற்றவர்களை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. அவர்கள் ஏன் பூட்டினார்கள் என்றும் கேட்க வேண்டுமே. தமிழ் மென்பொருளோடு டாங்கிள் என்று ஒரு சிறு கட்டை தருவார்கள். பிரின்டர் ஒயர் செருகும் இடத்தில் அதைச் செருகினால்தான் தமிழ் வரும். கணினியிலிருந்து அந்த இடமே காணாமல் போனபோது தமிழும் கூடவே போயிற்று. ஆனால் அந்தக் கட்டையைத் தர வைத்தவர்கள் நாங்கள். ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் பத்துப் பேர் காப்பி எடுத்தோம். பர்மா பஜார் சிடியில் நூறு தமிழ் எழுத்துரு கிடைத்தபோது, அதைச் செய்தவர் எப்படிச் சாப்பிடுவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அச்சுத்தாளுக்குக் கடன் சொல்லாமல் காசு கொடுத்த பதிப்பாளருக்கு, அந்தத் தாளில் விழும் எழுத்துக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டியபோது அட்டவணையும் அவர்களோடு போயிற்று.

பொதுவான ஓர் ஏற்பாடு வந்திருக்கக் கூடாதா? வந்தது, அதுவும் ஒன்றுக்கு மேல் வந்தது. ஒரு பொது மாற்றத்தை எல்லோரும் ஏற்பது தமிழில் நடக்காத காரியமும் அல்ல. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. துதிக்கை வைத்த லை, ளை, ணை, னை எல்லாம் இன்றைய உருவத்துக்கு மாறின. முணுமுணுப்பு இருந்தும் சில வருஷங்களில் பாடநூல், பத்திரிகை, தட்டச்சு எல்லாம் அதற்குப் பழகிவிட்டன. கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் முடிந்த இந்தக் காரியம், கண்ணுக்குத் தெரியாத குறியீட்டில் முடியவில்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடான யூனிகோடு தன் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. இணையத்தில் இயங்கியவர்கள் கூடிப் பேசி திஸ்கி என்ற குறியீட்டைக் கண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற இரு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. மறு ஆண்டே விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைத் தாங்கி வந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும், உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரும் டேஸ்16ஐயும் ஏற்று ஆணை பிறப்பித்தது.

இடைப்பட்ட காலம் முழுக்கச் சண்டை போட்டோம். யூனிகோடில் உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை, தமிழை வடக்கத்தி எழுத்துகளின் அச்சில் வார்த்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு. உலகம் போகிற பாதையில் போவோம் என்று மறு தரப்பு. முதல் தரப்பின் வாதத்தில் பொறியியல் நியாயம் இருந்தது என்றே நான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று வாதாடியவர்களில் மிகச் சிலரே, பெட்டிக்குள் வைக்க வேண்டியது மழையில் நனைகிறதே என்று கவலைப்பட்டார்கள். அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் இந்தச் சண்டைக்கே வரவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. 2012இல் இன்டிசைன் சிஎஸ்6 வரும் வரைக்கும், பக்கம் கட்டும் மென்பொருளில் யூனிகோடு தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும். அதனால் புத்தகம் பழைய எழுத்துருவிலேயே ஓடியது. நியாயமான சாக்குதான். ஆனால் அச்சுக்கு ஒன்றும் சேமிப்புக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யார் தடுத்தது?

இப்போது மாற்றிகள் இருக்கின்றன. பழைய எழுத்தைக் கொடுத்தால் யூனிகோடாக்கித் தரும். அதிலும் எங்கள் கைவண்ணம் தெரியும். இன்று இணையத்தில் எந்தச் செய்தியை வேண்டுமானாலும் எடுத்து ‘அவா்கள்’ என்று வருகிறதா என்று உற்றுப் பாருங்கள். ‘அவர்கள்’ அல்ல, ‘அவா்கள்’. தட்டச்சுக் காலத்தில் ‘ர்’ போட, துணைக்காலின் மேல் புள்ளி வைத்தால் போதும். தாளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அது அப்படியே மாறி வந்ததால், வகர ஆகாரத்தின் தலையில் ஒரு புள்ளி தொங்குகிறது. மனிதக் கண் சமாதானம் ஆகிவிடும். தேடுபொறி ஆகாது. ‘கௌரவம்’ என்று தேடுகிறவருக்கு ‘கெளரவம்’ கிடைக்காது. பின்னதில் இருப்பது கொம்பும் ககரமும் ளகரமும். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே படம்தான். ஒரு நூலகத்தின் பட்டியலில் ஒரே ஆசிரியர் பெயர் இரண்டு விதமாகப் பதிவாகி, இரண்டு பேராக வாழ்கிறார். அரசு ஆவணங்களின் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் நேரடியாக எழுதியவர்கள் தப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. முதல் தலைமுறை இணையத் தமிழ் வளர்ந்தது அடுத்தவர் வீட்டுத் திண்ணைகளில். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது. ஆர்குட் 2014இல், கூகுள் பிளஸ் 2019இல். யாகூ குழுமங்கள் 2019 டிசம்பரில் பழைய மடல்களை அழிக்கத் தொடங்கி, மறு டிசம்பரில் ஒரேயடியாகக் கதவடைத்தன. ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் அஞ்சலிக் கட்டுரை எழுதினோம், அதே நேரத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி மடல்களைத் தரவிறக்கவில்லை. மரபிலக்கணத்திலிருந்து சினிமாப் பாட்டு வரை அங்கே நடந்த வாக்குவாதங்களின் தரம் இன்றைய முகநூலில் அரிது.

ஆடிப்பெருக்கன்று ஏட்டுச்சுவடியை ஆற்றில் விட்ட முன்னோரைத் திட்டாத தமிழ் மேடை உண்டா? உ.வே.சாமிநாதையரின் அலைச்சலைச் சொல்லிக் கண் கலங்காத பேச்சாளர் உண்டா? ஆற்றில் விட்டவருக்கு அது ஒரு சடங்கு, மனதில் ஏதோ பக்தி இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. ரிச்சி தெருவில் பழைய சிபியுவுக்கு என்ன விலை கிடைக்கும் என்ற கணக்குதான் இருந்தது. எங்கள் கோப்புகளில் பலவற்றுக்கு ஒரு பிரதியும் மிஞ்சவில்லை; 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டில் ஒரு பிரதியாகவாவது இருக்கிறது.

காப்பாற்றியவர்கள் யாரென்று பார்த்தால் இந்தத் தொழிலின் பெரிய மனிதர்கள் அல்ல. சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து சங்க இலக்கியம் முதலானவற்றைத் தட்டச்சு செய்தார்கள். அவர்கள் செய்த முக்கியமான காரியம் தட்டச்சு செய்தது மட்டுமல்ல. குறியீடு மாறியபோதெல்லாம் கோப்புகளையும் கூடவே மாற்றிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகத்தோடு நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தை வாங்கிக் காப்பாற்றச் சிகாகோ பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது. 1994இல் அது சென்னையில் நூலகமாயிற்று. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த சமூகத்திலிருந்து 2005இல், ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ திட்டம் வந்தது. பறிகொடுத்தவர்களுக்கு அருமை தெரிந்தது. எதையும் யாரும் எரிக்காத எங்களுக்கு அது தெரியவில்லை. இப்படிக் காப்பாற்றியவர்களை விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். ‘உங்கள் புத்தகக் கோப்புகளைத் தாருங்கள்’ என்று கேட்டபோது, பார்க்கலாம் சார் என்றோம்.

சட்டமும் எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற வைப்பு நூலகங்களுக்கும் போக வேண்டும். மீறினால் ஐம்பது ரூபாய் வரை அபராதம், கூடவே நூலின் விலை. இதையே ஒழுங்காகப் பின்பற்றாதவர்கள் எங்களில் ஏராளம். கோப்பைக் கொடுக்கச் சொல்லி ஒரு சட்டம் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்ததும்தான் எங்களுக்குக் கோப்பின் ஞாபகம் வந்தது. அதற்குக் காசு கிடைக்கும் என்று தெரிந்ததும் பரணில் ஏறினோம். எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் போன் போட்டோம். எங்கள் வெளியீட்டுப் பட்டியலில் இருந்த புத்தகங்களில் ஒரு பங்கைத்தான் மின்நூலாக்க முடிந்தது. மற்றவற்றுக்கு மறுபடி தட்டச்சுச் செலவு செய்ய வேண்டும், விற்பனை அதைத் தாங்காது என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டோம். ஆக, விற்கும் பெயர்கள் புதிய உலகத்துக்கு வந்து சேர்ந்தன. சிற்றிதழில் நாலு நல்ல கதை எழுதிவிட்டு ஒதுங்கியவர், மாவட்ட வரலாறு தொகுத்த பள்ளி ஆசிரியர், ஒரே ஒரு தொகுதி போட்ட கவிஞர் இவர்களெல்லாம் பரணிலேயே நின்றுவிட்டார்கள்.

இப்போது கணினி தானே தமிழ் எழுதுகிறது. அதன் தமிழ் மொழிபெயர்ப்புத் தமிழாக இருக்கிறது, விளம்பரத் தமிழாக இருக்கிறது என்று கட்டுரை எழுதுகிறோம். அது படித்துக் கற்றுக்கொள்ள நாங்கள் எதை வெளியே வைத்தோம்? முப்பது ஆண்டுகளின் மிக நல்ல உரைநடையை அரைப்புள்ளிகளாக்கி அட்டைப் பெட்டியில் கட்டி வைத்தோம். வெளியே கிடந்தது ராசிபலனும், ‘அவா்கள்’ தமிழும், ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் பெயர்த்த விளம்பரமும்தான். தன் எழுத்தை இயந்திரத்துக்கு இரையாக்க மாட்டேன் என்று ஓர் எழுத்தாளர் மறுத்தால் அதை மதிக்கலாம், அது உரிமை சம்பந்தப்பட்டது. ஆனால் எங்கள் விஷயத்தில் யாரும் மறுத்து முடிவெடுக்கவில்லை. கோப்பு இல்லாததால் பதில் சொல்லும் நிலையே வரவில்லை.

ஈயக் காலத்துப் பதிப்புகளுக்கு ஸ்கேனை விட்டால் வழியில்லை. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களை அப்படித்தான் படமாக ஏற்றி, ஊர் பேர் தெரியாத தன்னார்வலர்கள் வரி வரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அதே வரிசையில் எங்கள் காலத்துப் புத்தகங்களும் போய் நிற்க வேண்டியதில்லை. இன்னும் பல டிடிபி கடைகளில், பல பதிப்பகங்களின் பின்னறையில், திறக்காத ஹார்டு டிஸ்குகள் உண்டு. அவற்றில் எழுதப்பட்டிருப்பது சேதமாகாமல் இருக்க வாய்ப்பு வருஷா வருஷம் குறைகிறது. அவற்றைத் திறக்கத் தெரிந்த, எந்தப் பத்திரிகை எந்த எழுத்துருவில் வந்தது என்று பார்த்ததும் சொல்லக்கூடிய ஆபரேட்டர்களுக்கு அறுபது வயதாகிறது. பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். போன வருஷம் பிளக்ஸ் பேனர் அடித்துக்கொண்டிருந்தவர் இந்த வருஷம் ஊருக்குப் போய்விட்டார். அவர்களை உட்கார வைத்து நாள் கூலி கொடுத்துப் பெட்டிகளைத் திறக்கச் சொல்வதற்கு ஆகும் செலவு, ஒரு புத்தகக் காட்சியின் அரங்க அலங்காரச் செலவைவிடக் குறைவு. எழுத்துரு செய்த நிறுவனங்களில் மூடியவை போக மிச்சமிருப்பவை தங்கள் குறியீட்டு அட்டவணையை வெளியிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓர் எழுத்துருவுக்கு அது இரண்டு பக்கம்கூட வராது. அந்த எழுத்துருக்களுக்கு இன்று சந்தை இல்லை, ஆகவே அதில் காக்க வேண்டிய வியாபார ரகசியமும் இல்லை.